மெசினாவில் ஏறியவள்

கூரையிலிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, எர்சிலியா பஸ்தொரீனோ ஒயின் குளிரவைக்கும் ஐஸ் வாளிக்குள் இடது காலை விட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அறை எண் ஒன்பது ஒன்று இரண்டு ஆறு. பயணி எர்சிலியா பஸ்தொரீனோ இன்னும் கப்பலுக்குத் திரும்பவில்லை. கப்பலில் இருந்தால் உடனே வரவேற்பு மேசையை அழைக்கவும்."

எர்சிலியா அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஒலிபெருக்கியின் பொத்தல்கள் சல்லடைபோல் இருந்தன.

"நான் எங்கடா போனேன்?" என்று சல்லடையைக் கேட்டாள்.

அவள் எங்கும் போகவில்லை என்பதற்கு அவளுடைய முழங்கால்களே சாட்சி. காலையில் நெவியோ தனியாகக் கரையிறங்கிப் போனதிலிருந்து அவள் நடந்த ஆக நீண்ட பயணம், கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் ஏழு அடி. அதையும் மூன்று இடத்தில் நின்று இளைப்பாறித்தான் முடித்தாள். வலது முழங்கால் பூசணிக்காயாகவும் இடது கணுக்கால் அதன் பிஞ்சாகவும் வீங்கியிருந்தன. எல்லாம் நெவியோவின் புண்ணியம்.

குனேயோ நகரத்தில் முப்பத்தெட்டு வருடம் நாலாம் நம்பர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன் நெவியோ. எந்த ஊருக்குப் போனாலும் அவன் கண்ணுக்கு ஊர் தெரியாது, நிறுத்தம்தான் தெரியும். குளிர்காலம் முழுக்க அடுப்படி மேசையில் கப்பல் கம்பெனிகளின் விளம்பரப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, அடிக்கோலால் கடலை அளந்து, கடைசியில் இந்தக் கப்பலைப் பிடித்தான். ஜெனோவாவில் ஏறினால் ஏழு நாளில் ஏழு துறைமுகம்.

"மத்த கப்பல்ல ஒருநா ரெண்டுநா சும்மா நடுக்கடல்ல மிதக்க விடுவான், எர்சிலியா. இதுல அந்தப் பேச்சே கிடையாது. கண்ணைத் தொறந்தா ஒரு ஊரு!"

கண்ணைத் திறந்தால் ஒரு மலை என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். மார்செய்யில் மலைமேல் மாதா கோயில். பார்சலோனாவில் இறங்கவே இறங்காத படிக்கட்டு. பல்மாவில் ஒரு கோட்டை. கல்யாரியில் ஊரே செங்குத்து. பலேர்மோவில் தரை சமம்தான், ஆனால் அங்கே மட்டும் அவன் வழி தவறிப் பதினோரு கிலோமீட்டர் நடக்கவைத்தான். ஆறாம் நாள் காலை, மெசினாவில், எர்சிலியா கட்டிலைவிட்டு எழ மறுத்துவிட்டாள்.

"பன்னெண்டு மணிக்குக் கோபுரத்துக் கடிகாரத்துல தங்கச் சிங்கம் கர்ஜிக்கும், சேவல் கூவும். அதைப் பாக்காம செத்துப்போனா சொர்க்கத்துல என்ன பதில் சொல்லுவே?"

"முட்டி வலிச்சுதுன்னு சொல்லுவேன். அங்க இருக்கிறவங்க எல்லாம் என் வயசுதான், புரிஞ்சுக்குவாங்க. நீ போயி சிங்கத்தோட சேர்ந்து கர்ஜி."

"கிழவி ஆயிட்டேடி."

"ஆமா, நீ நேத்துத்தான் பொறந்தே. வர்றப்ப கன்னோலி இனிப்பு வாங்கிட்டு வா. பிஸ்தா போட்டது. செர்ரி வெச்சு ஏமாத்துவான், பாத்து வாங்கு."

நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடினான். எழுபது வயதில் அப்படி ஓட்டம்.

இப்போது மணி நாலு முப்பத்தைந்து. நாலரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். ஐந்துக்குக் கப்பல் கிளம்பும். நெவியோ வரவில்லை. வராத நெவியோவை விட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்திருக்கும் தன்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள்?

அவள் பார்வை கதவோரச் சுவருக்குப் போனது. அங்கே ஒரு பொந்து. அதில் பயணியின் அட்டையைச் செருகினால்தான் அறையில் விளக்கு எரியும். எரிந்துகொண்டிருந்தது. செருகியிருந்த அட்டையின் நீல முதுகு மட்டும் தெரிந்தது. இருவர் அட்டையும் நீலம்தான், இரண்டிலும் பஸ்தொரீனோ என்று கொட்டை எழுத்து, அதன்கீழ் ஊசிமுனையளவு எழுத்தில் ஆளின் பெயர்.

வாளியிலிருந்து காலை எடுத்து, நொண்டிக்கொண்டே போய், அட்டையை உருவினாள். 'நெவியோ' என்று படித்தாள். விளக்கு அணைந்தது.

ஜன்னல் இல்லாத உள்ளறை அது. மலிவு என்று நெவியோ எடுத்தது. நட்டநடுப் பகலில் அங்கே அமாவாசைக்கும் அமாவாசை. சொந்த மூக்கு தெரியாத இருட்டில் சுவரைத் தடவித் தடவிப் பொந்தைக் கண்டுபிடித்து அட்டையைத் திரும்பச் செருகுவதற்குள் இரண்டு முறை கதவில் நெற்றியை இடித்துக்கொண்டாள். ஆக, அந்த மடச் சாம்பிராணி தன் அட்டையைச் சுவரில் விட்டுவிட்டு அவள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். இறங்கும் வாசலில் காவலர் கவனித்திருக்க வேண்டாமா என்றால், இரண்டாயிரம் முகத்தை ஒரே காலையில் பார்த்தவருக்கு முகம் என்றால் என்ன என்பதே மறந்துபோயிருக்கும். 'டிங்' என்று சத்தம் வந்தால் போகலாம். வந்திருக்கும். போயிருப்பான்.

தொலைபேசியை எடுத்தாள். வரவேற்பு மேசையில் துப்ராவ்கா. ஸ்பிளிட் ஊர்க்காரி, தேன் தடவின குரல். பெண்களைச் சிஞ்ஞோரா என்றும் ஆண்களைச் சிஞ்ஞோர் என்றும் மரியாதையாக இழுத்து அழைப்பாள்.

"கண்ணு, நான் எர்சிலியா. கூரையில என்னைக் கூப்பிடறீங்க. நான் இங்கதான் இருக்கேன், கால வாளியில போட்டுக்கிட்டு. வராதது என் வீட்டுக்காரர். என் அட்டையை எடுத்துட்டுப் போயிட்டாரு."

"உங்க வீட்டுக்காரர் அட்டை இன்னிக்கு இறங்கவே இல்லையே, சிஞ்ஞோரா."

"அதைத்தானே சொல்றேன்! அது இங்க சுவத்துல இருக்கு. அவரு கரையில இருக்காரு. உங்க கம்ப்யூட்டர் பெட்டியில எல்லாம் தலைகீழா இருக்கும்மா. அவரு வர்ற வரைக்கும் கப்பலை எடுத்துடாதீங்க. அவருக்குக் கைப்பேசி கிடையாது, மாத்திரை எல்லாம் இங்க இருக்கு, ராத்திரி மாத்திரை போடலைன்னா நெஞ்சு படபடன்னு..."

"ஒரு நிமிஷம்." விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு துப்ராவ்காவின் குரலில் சிரிப்பு. "கவலைய விடுங்க, சிஞ்ஞோரா. இப்பத்தான் ஏறியாச்சு. உங்க அட்டை. நாலு முப்பத்தெட்டு."

எர்சிலியா தொலைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டாள். எல்லாப் புனிதர்களுக்கும் ஒரே மூச்சில் நன்றி சொன்னாள், தெரியாத புனிதர்களுக்கும் சேர்த்து. பிறகு திட்டு தயாரிக்க உட்கார்ந்தாள். நாற்பத்து நாலு வருட இல்லறத்தில் சேர்த்து வைத்த சரக்கு, மெசினா முதல் நேப்பிள்ஸ் வரை நிறுத்தாமல் ஓடும்.

ஏறும் வாசல் நாலாம் தளத்தில். அங்கிருந்து ஒன்பதாம் தளத்துக்கு லிஃப்டில் ஐந்து நிமிடம். வழியில் நாலு பேரிடம் சிங்கக் கதை சொன்னால் பத்து நிமிடம்.

நாலு நாற்பத்தைந்து. கப்பலின் அடிவயிற்றில் எங்கோ இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொண்டன. தரைவிரிப்பின் வழியே அந்த நடுக்கம் ஈரப் பாதத்தில் ஏறி வீங்கிய முழங்காலில் போய் உட்கார்ந்தது. அலமாரிக்குள் காலியான துணிமாட்டிகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு மெல்லக் கிணுங்கின. வாளியிலிருந்த தண்ணீர் தானாக வட்டம் வட்டமாகச் சுருங்கியது. வெளியே நடைவழியில் பக்கத்து அறைக்காரர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். அவர்களின் கதவு சாத்திக்கொண்டது. அப்புறம் நடைவழி அமைதியானது.

கதவுப் பூட்டில் அட்டை பட்ட சத்தம். டிக்.

கதவு இரண்டு விரல் அகலம் திறந்து, கொக்கியில் இடித்து நின்றது. பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், துண்டு மாற்ற வரும் ரொமெல் உள்ளே வந்துவிடக் கூடாதென்று மத்தியானமே போட்ட கொக்கி.

"இரு, இரு, கொக்கி போட்டிருக்கேன். சாவகாசமா வர்றியாக்கும் தொரை!"



நெவியோ பதில் சொல்லாமல் நிற்கிற ஆள் இல்லை. பல் விளக்கும்போதும் பேசுவான். அந்த இரண்டு விரல் இடைவெளி வழியே அவனுடைய வியர்வையும் காப்பியும் கலந்த வாசனை வந்திருக்க வேண்டும். கடைத்தெருவில் வறுத்த மீன் வாசனையாவது வந்திருக்க வேண்டும். வந்தது சூடான பிளாஸ்டிக் வாசனை. அச்சு இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளியே விழுந்த புத்தம்புது அட்டையை மூக்கருகே பிடித்ததுபோல.

"நெவியோ?"

"நெவியோ," என்றது வெளியே ஒரு குரல். "கதவைத் தொற. எனக்குக் காலு வலிக்குது."

தன் குரலை யாரும் எளிதில் அடையாளம் கண்டுகொள்வதில்லை. எர்சிலியா கண்டுகொண்டாள். தங்கை மகளின் கல்யாண வீடியோவில் அதைக் கேட்டுவிட்டு, "நான் இப்படியா வாத்து மாதிரி பேசறேன்?" என்று ஒரு வாரம் வருத்தப்பட்டவள் அவள்.

வலி எங்கே போனதென்று தெரியவில்லை. பாய்ந்து போய்க் கதவில் முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு எந்த எதிர்ப்பும் இல்லாமல் சாத்திக்கொண்டது. வெளியே யாரும் பிடித்திருக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. திரும்பி, கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள்.

ஜெனோவாவில் கப்பலேறும் கூடத்தில் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பயணி தன் அட்டையை இயந்திரத்தில் வைக்கும்போதெல்லாம் காவலரின் திரையில் அந்தப் படம் வரும். எர்சிலியாவை எடுக்கும்போது அவள், "இரும்மா, கண்ணாடியக் கழட்டிக்கறேன்" என்று சொல்ல வாயெடுத்திருந்தாள். கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, இடது கன்னத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் வெள்ளையடித்துப் படம் விழுந்தது. ஐந்து நாளாக ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்தப் படத்தைப் பார்த்து நெவியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அந்த முகம் வெளியே நின்றது.

கண் பாதி மூடியிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. நடைவழியின் மங்கிய மஞ்சள் விளக்கில் இடது கன்னம் மட்டும் பளீரென்று வெளுத்திருந்தது.

"கதவைத் தொற, நெவியோ," என்றது. வாய் அசையவில்லை.

தோளுக்குக் கீழே அந்தப் படத்தில் எதுவும் இருந்ததில்லை. கண்ணாடித் துளையும் தோளுக்குக் கீழே காட்டவில்லை. அந்த மட்டுக்கும் தப்பித்தாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனை நேரமோ தெரியாது. திறந்தபோது துளையில் எதிர்ச் சுவர் மட்டும் தெரிந்தது. நடந்துபோன காலடிச் சத்தம் எதையும் அவள் கேட்கவில்லை.

மறுபடி தொலைபேசியை எடுத்தாள்.

"சொல்லுங்க, சிஞ்ஞோர் பஸ்தொரீனோ," என்றாள் துப்ராவ்கா.

"சிஞ்ஞோர் இல்லம்மா, நான் எர்சிலியா! என் அட்டையில ஏறினது என் வீட்டுக்காரர் இல்ல. அது... அது யாரோ..." குரல் கட்டைக் குரலாகக் கரகரத்தது. குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்தது கட்டிக்கொண்டதோ என்னவோ.

துப்ராவ்கா சிரித்தாள். "உங்களுக்கு எப்பவும் விளையாட்டுதான், சிஞ்ஞோர். உங்க மனைவி பாவம், கதவைத் தொறக்க மாட்டேங்கறாருன்னு இங்க வந்து நிக்கிறாங்க. இதோ, என் எதிர்லதான்."

தொலைபேசிக்குள், சற்று தள்ளி, அந்த வாத்துக் குரல் கேட்டது. "எனக்குக் காலு வலிக்குது."

"கப்பலை நிறுத்துங்க," என்றாள் எர்சிலியா. "என் நெவியோ கரையில இருக்கான். கப்பலை நிறுத்துங்க!"

"எதுக்கு நிறுத்தணும்? இறங்கினது இரண்டாயிரத்து நூத்தி ஏழு பேர். ஏறினது இரண்டாயிரத்து நூத்தி ஏழு பேர். ஒரு ஆள்கூடக் குறையல. குறைஞ்சாத்தான், சிஞ்ஞோர், கப்பல் நிக்கும்."

தொடர்பு அறுந்தது.

அறை முன்பைவிடச் சிறியதாகத் தெரிந்தது. கட்டில், அலமாரி, வாளி, கதவு. நாலு பக்கமும் சுவர், அதற்கப்பால் இன்னொருவரின் அறை, அதற்கப்பால் இன்னொன்று. கடல் இருக்கிறதா, கரை இருக்கிறதா, பகலா, ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி தொலைக்காட்சி. உள்ளறைக்காரர்களின் ஆறுதலுக்காகக் கப்பலின் வெளிப்பக்கத்தை நாள் முழுக்கக் காட்டும் அலைவரிசை ஒன்று உண்டு. அதைப் போட்டாள்.

வெயில். மெசினாவின் கரைமேடை. மேலே எங்கோ பொருத்திய கேமராவிலிருந்து எல்லாம் எறும்பளவு. ஏணிப்பாலத்தை இரண்டு பேர் சக்கரம் வைத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். திரையின் ஓரத்தில் இன்னொரு எறும்பு. வெள்ளைத் தொப்பி, அரைக்கால் சட்டை, ஒரு கையில் நூல் கட்டிய இனிப்புப் பெட்டி, மறு கையில் உயர்த்திப் பிடித்த நீல அட்டை. ஓடி வந்தான். எழுபது வயதில் அப்படி ஓட்டம்.

"நெவியோ!" திரையில் கையை வைத்தாள். கண்ணாடி சூடாக இருந்தது.

அட்டை அவன் கையில்தான் இருந்தது. அவன் இன்னும் ஏறவே இல்லை.

கரைமேடை ஆள் ஒருவர் அவனை நிறுத்தி, அட்டையை வாங்கிக் கைக்கருவியில் வைத்துப் பார்த்தார். இல்லையென்று தலையை ஆட்டினார். கப்பலைக் காட்டினார். இந்த அட்டைக்காரி ஏற்கெனவே ஏறிவிட்டாள். எர்சிலியாவுக்குக் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கை சொன்னது அதுதான். நெவியோ தன் மார்பைத் தொட்டுக் காட்டினான். மறுபடி தொட்டுக் காட்டினான். நான். நான். நான்.

மேல்தளங்களிலிருந்து கைதட்டல் கேட்டது. கூரை, சுவர், குழாய்கள் எல்லாவற்றையும் தாண்டி மங்கலாக. கடைசி நேரத்தில் ஓடிவருபவர்களை வேடிக்கை பார்த்துக் கைதட்டுவது கப்பல் பயணிகளின் சாயங்காலப் பொழுதுபோக்கு. ஐந்து ஊரிலும் எர்சிலியாவே தட்டியிருக்கிறாள்.

மணி நாலு ஐம்பத்து நாலு.

அது வரவேற்பு மேசையில் நிற்கிறது. அதாவது ஐந்தாம் தளத்தில். நடைவழி இப்போது காலி. போனால் இப்போது போக வேண்டும்.

சுவரிலிருந்து அட்டையை உருவினாள். இருட்டு விழுந்தது. திரையும் அணைந்தது, அதனோடு நெவியோவும். கொக்கியை எடுத்துவிட்டு வெறுங்காலோடு வெளியே வந்தாள்.

நடைவழியில் ரொமெல் தள்ளுவண்டியோடு நின்றிருந்தான். தினமும் துண்டை மடித்து அவளுக்கென்று யானையும் குரங்கும் செய்து வைக்கும் நாற்பது வயது ஃபிலிப்பினோ. அவளைப் பார்த்ததும் அவன் முகம் விரிந்தது.

"என்ன சிஞ்ஞோர் நெவியோ, இவ்ளோ சந்தோஷமா எங்க கிளம்பிட்டீங்க?"

"ரொமெல், என்னைப் பாரு. நல்லாப் பாரு. தினம் உன்கிட்ட யானை செஞ்சு வைன்னு கேக்கறது யாரு?"

"உங்க மனைவி."

"அது நான்தாண்டா!"

ரொமெல் விழுந்து விழுந்து சிரித்தான். வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உங்க மாதிரி ஆளு பத்து பேர் போதும் சிஞ்ஞோர், எங்களுக்கு வேலையே தெரியாது."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நீளம். இந்த நடைவழி இவ்வளவு நீளமா? தாடை வலித்தது. பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோம் போலும் என்று நினைத்தாள். கன்னமெல்லாம் இழுத்துப் பிடித்தது.

லிஃப்டில் ஆறேழு பேர். நீச்சல் துண்டு, சிவந்த தோள், தேங்காய் எண்ணெய் வாசனை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எல்லோரும் புன்னகைத்தார்கள்.

"வழி விடுங்க," என்றாள். "என் வீட்டுக்காரர் கரையில நிக்கிறாரு. கப்பல் விட்டுட்டுப் போகுது."

லிஃப்டே சிரிப்பில் குலுங்கியது.

"வீட்டுக்காரரா!" என்று ஒரு பருத்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டு மனுஷனும் இருக்காரே, கல்லு. இவர் மாதிரி ஒருநா சிரிச்சதில்ல."

எர்சிலியா அழுதுகொண்டிருந்தாள். அழுகிறோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். கண்ணீர் கன்னத்தில் சூடாக இறங்கியது. அவர்கள் அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

லிஃப்டின் சுவரில் கண்ணாடி இருந்தது. அவள் தரையைப் பார்த்தாள். தரையை மட்டும் பார்த்தாள்.

ஆறு. ஐந்து.

ஐந்தில் கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை. ஆனால் சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது. கதவு மூடியது. வாசனை உள்ளேயே நின்றது.

நாலு.

ஏறும் வாசல். கப்பலின் பக்கவாட்டில் வெட்டிய பெரிய இரும்புக் கதவு, பாதி மூடியிருந்தது. மீதிப் பாதியில் வெயில். உப்புக் காற்று. ஆறு நாளில் அவள் சுவாசித்த காற்றெல்லாம் பொய், இதுதான் காற்று.

"நிறுத்துங்க!"

நேபாளக் காவலர் கையை நீட்டி மறித்தார். "சிஞ்ஞோர், பாலம் எடுத்தாச்சு. இனி யாரும் இறங்க முடியாது."

"என்னை வெளிய விடுங்க. குதிச்சிடறேன். நான் எர்சிலியா."

அவர் எதுவும் பேசாமல் அவள் கையிலிருந்த அட்டையை வாங்கி இயந்திரத்தில் வைத்தார். டிங். திரையில் படம் வந்தது. தன் படத்தை எடுக்கும்போதும் சிரித்துக்கொண்டேயிருந்த நெவியோ. முப்பத்திரண்டு பல்லும் தெரிய, கண் இடுங்க, காதுக்குக் காது.

காவலர் திரையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு," என்றார்.

அவள் அவர் கையின் கீழே குனிந்து புகுந்து கதவு விளிம்பைப் பிடித்தாள். கீழே பச்சைத் தண்ணீர் கொதித்தது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே நாலு முழம். ஐந்து. அதற்கப்பால் நெவியோ. தொப்பி விழுந்துவிட்டது. வழுக்கை வெயிலில் சிவந்திருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். பார்த்துவிட்டான். இந்தப் பக்கம்தான் பார்க்கிறான்.

"எர்சிலியா!"

அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்காக அவள் இன்னும் நாற்பத்து நாலு வருடம் மலை ஏறுவாள். கையை நீட்டினாள்.

அவன் கண் அவள்மேல் இல்லை.

அவள் தோளுக்கு மேலே, பின்னால், பார்த்தது.

"எர்சிலியா, பயப்படாதே! நேப்பிள்ஸுக்கு ரயில்ல வந்துடறேன்! நீ அங்கயே..."

அப்போதுதான் அவன் பார்வை இறங்கி அவளிடம் வந்தது. நின்றது. இனிப்புப் பெட்டி கையிலிருந்து விழுந்தது. அவன் ஓரடி பின்னால் வைத்தான். நாற்பத்து நாலு வருடத்தில் அவனை அவள் அப்படிப் பார்த்ததில்லை. நெவியோ பயந்துவிட்டான்.

"எர்சிலியா!" குரல் கிழிந்தது. அவன் அவளிடம் பேசவில்லை. பின்னால் நிற்பதிடம் கெஞ்சினான். "தள்ளி நில்லு! அவன்கிட்டேருந்து தள்ளி நில்லுடி! யாரு அது? யாரு அது, என் மூஞ்சிய வெச்சுக்கிட்டு?"

நான்தான், என்று சொல்லப் பார்த்தாள். நான்தான் நெவியோ, என்னைப் பாரு. சொல்வதற்கு உதட்டை மூட வேண்டும். மூட முடியவில்லை. உதடு பல்லுக்கு மேலே ஏறி நின்றது. இறங்கவில்லை. கன்னத்தைக் கையால் பிடித்துக் கீழே இழுத்தாள். இழுத்த இடத்தில் விரலுக்குச் சதை தட்டுப்படவில்லை. வழவழப்பாக, தட்டையாக, சூடாக இருந்தது.

அவள் தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. கனமே இல்லை. ஒரு அட்டையை வைத்ததுபோல.

"வா, நெவியோ," என்றது காதோரம். "நாளைக்கு இன்னொரு ஊரு."

இரும்புக் கதவு நகர்ந்தது. வெயில் ஒரு முழமாகி, ஒரு சாணாகி, கோடாகியது. அந்தக் கோட்டுக்குள் கரைமேல் ஒரு கிழவர், போய்க்கொண்டிருக்கும் கப்பலைத் துரத்திக்கொண்டு, இல்லாத ஒருத்தியின் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினார். மேலே எல்லாத் தளங்களிலும் கைதட்டல் இடிபோல் எழுந்தது.

கோடும் மறைந்தது.

காவலர் தாழ்ப்பாள் சக்கரத்தைச் சுற்றி இறுக்கிவிட்டுத் திரும்பினார். அவர் எதிரில் அந்தத் தம்பதி நின்றார்கள். மனைவியின் கண் பாதி மூடியிருந்தது. கணவர் காதுக்குக் காது சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் தாரை தாரையாக இறங்கி, முப்பத்திரண்டு பற்களின் மேலும் வழிந்து, முகவாயில் சொட்டியது.

காவலர் பதிலுக்குச் சிரித்தார்.